தஸ்நேவிஸ் திரும்பி வந்தது

புன்னைக்கரையில் கடலில் காணாமல் போகிறவர்கள் சில வருடம் கழித்துப் பிளாஸ்டிக்காகத் திரும்பி வருவார்கள். மக்குகிறதைக் கடல் வைத்துக்கொள்ளும். மக்காததைக் கரையில் போட்டுவிடும். முன்பெல்லாம் மனிதர்கள் முதல் வகையில் இருந்தார்கள். இப்போது கடலடியில் கிடக்கிறவருக்கு அக்கம்பக்கத்தில் என்ன கிடக்கிறதோ, அதுவாகவே ஆகிவிட வேண்டியிருக்கிறது.

மர்செலினுடைய வீட்டுக்காரர் தஸ்நேவிஸ் ஒரு சித்திரை மாதக் காலையில் வந்தார். அவள் கருவாட்டுக் களத்தில் நெத்திலியைக் கிளறிக்கொண்டிருந்தாள். கொழுந்தன் ரொசாரி வந்து, "மதினி, அண்ணன் வந்திருக்காவ. என் வலையிலதான் ஏறுனாவ," என்றான். அவள் கையைக் கழுவிக்கொண்டு போனாள்.

தஸ்நேவிஸ் வெளிர்பச்சையாக ஆகியிருந்தார். முகம் முகமாகவே இருந்தது. இடது தோளில் ஏதோ ஒரு நாட்டு எழுத்தில் சில வரிகள் அச்சாகியிருந்தன. இடுப்பில் கட்டிக்கொண்டு போன சாரம் மட்டும் மக்கிவிட்டதால் ரொசாரியின் துண்டைச் சுற்றியிருந்தார்.

"மெலிஞ்சிட்டியளே," என்றாள் மர்செலின்.

"மெலியல. கனம்தான் போயிட்டு." குரல் காலிக் குடத்துக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது.

நடக்கவிட்டால் காற்று வேறு தெருவுக்குக் கொண்டுபோய்விடும் என்று அவரை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

இப்படி வந்தவர்களை வைத்துக்கொள்வது ஊருக்குப் பழகிய விஷயம். வெயிலில் உட்கார வைக்கக் கூடாது, நொறுங்கத் தொடங்கிவிடுவார்கள். அடுப்புப் பக்கம் விடக் கூடாது. காற்றுக் காலத்தில் இடுப்பில் கயிறு கட்டித் தூணோடு சேர்க்க வேண்டும். மேலத் தெருவில் ஒருவர் மட்டும் வலைக்கு மிதவையாக வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்.

மர்செலின் அடுப்பைக் கொல்லைக்கு மாற்றினாள். பீரோவிலிருந்து பூப்போட்ட சேலைகளை எடுத்து மறுபடி கட்டினாள். தஸ்நேவிஸ் சாப்பிடுவதில்லை, ஆனாலும் அவள் சாப்பிடும்போது எதிரில் உட்கார்ந்திருப்பார். தூங்குவதும் இல்லை.

"நீ தூக்கத்துல பல்லைக் கடிக்கே," என்றார் ஒரு நாள் காலையில்.

"கட்டிக்கிட்டு வந்த நாள்ல இருந்து கடிக்கேன். முந்தி நீங்க தூங்கிட்டிய."

அவர் அதை வெகுநேரம் யோசித்துக்கொண்டிருந்தார்.

வைகாசியில் தலையணையில் பச்சையாக மெல்லிய தூள் படிந்திருந்தது. பிறகு தண்ணீர்ப் பானையில் மிதந்தது. சோற்றிலும் தெரிந்தது. அவருடைய விரல் நுனிகள் வழவழப்பாகி ரேகை போய்விட்டிருந்தது. மர்செலின் தினமும் தூளைக் கூட்டி அள்ளினாள். அடுத்த நாள் அதே அளவு இருந்தது. கொஞ்ச நாளில் அவளுக்கு இருமல் பிடித்துக்கொண்டது.

ஊருக்கு வந்துபோகிற நர்ஸ் ஜெபசெல்வி ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக் கண்ணாடித் துண்டில் வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தாள்.

"உங்க ரத்தத்துல அவரு இருக்காரு அக்கா."

"எவ்வளவு?"

"ஒரு சுண்டுவிரல் அளவுக்கு வரும். வீட்டுல அவரு இருக்கிற வரைக்கும் கூடிக்கிட்டேதான் போகும்."

சுவரோரம் உட்கார்ந்திருந்த தஸ்நேவிஸ் தன் கையைத் திருப்பிப் பார்த்தார். சுண்டுவிரல் இல்லை.

அன்று சாயங்காலமே அவர் போகிறேன் என்றார். எங்கே போவது என்பதுதான் கேள்வியாக இருந்தது. மர்செலின் பங்குச் சாமியாரிடம் போய்க் கேட்டாள். கல்லறைத் தோட்டத்தில் இடம் குறைவு. ஒருவர் மக்கினால்தான் அதே குழியில் அடுத்தவரை வைக்க முடியும். "இவரை வச்சா அந்தக் குழி கடைசித் தீர்ப்பு வரைக்கும் இவருக்கே ஆயிரும்மா," என்றார் சாமியார் வருத்தத்தோடு. எரித்தால் புகை எல்லோர் வீட்டுக்குள்ளும் போகும்.

"கடலுக்கே போறேன்," என்றார் தஸ்நேவிஸ்.

"அது உங்கள வச்சுக்கிடாதே."

"உள்ள போக வேண்டாம். தூரமா தண்ணி மேலயே நின்னுக்கிடுதேன். நெறையப் பேரு நிக்காவ."

"யாரு?"

"பல ஊர்க்காரவ. தேடி வர ஆளில்லாதவ."

"உங்களுக்குத்தான் ஆள் இருக்கே."

"அதனாலதான் போறேன்," என்றார்.

அவள் முடியாது என்று சொல்லிவிட்டாள். சில நாள் அவரோடு பேசவும் இல்லை. ஒரு காலை, இருமி முடித்தபோது உள்ளங்கையில் பச்சையாக ஒரு நகம் விழுந்தது. அதைக் கழுவித் துடைத்து அவரிடம் கொடுத்தாள். எந்த விரலில் வைத்துப் பார்த்தாலும் பொருந்தவில்லை. பிறகு அவளே போய் ரொசாரியிடம் படகை எடுக்கச் சொன்னாள்.

கரை மறைந்ததும் ரொசாரி இன்ஜினை நிறுத்தினான். கண்ணுக்கெட்டிய தூரம் வரை தண்ணீர்மேல் ஆட்கள் நின்றிருந்தார்கள். சிவப்பு, நீலம், பால்வெள்ளை, பின்னால் நிற்பவர் தெரிகிற மாதிரி சிலர். யாருக்கும் அவசரம் இருக்கவில்லை. தஸ்நேவிஸ் படகின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு இறங்கி நின்றார். இடுப்புக் கயிற்றின் முடிச்சு நனைந்து இறுகியிருந்தது. மர்செலின் குனிந்து பல்லால் அவிழ்த்தாள். அவள் நிமிர்வதற்குள் காற்று அவரைக் கொண்டுபோய்விட்டது. தூரத்தில் திரும்பி ஏதோ சொன்னார்.

"என்ன சொன்னாவ தம்பி?"

"காத்துல போயிட்டு மதினி."

காற்று திரும்பினால் கேட்கலாம் என்று காத்திருந்தார்கள். திரும்பவில்லை.

மர்செலின் அடுப்பை வீட்டுக்குள் கொண்டுவந்தாள். முதல் நாள் சோறு குழைந்துவிட்டது. அப்படியே சாப்பிட்டாள். எதிரில் யாரும் இல்லாததால் சீக்கிரம் முடிந்துவிட்டது. நாள் போகப்போக இருமல் குறைந்தது. குறைவது அவளுக்குப் பிடிக்கவில்லை.

ஆவணியில் ரொசாரியின் வலையில் ஒரு பெண் ஏறினாள். பால்வெள்ளையாக, நடுத்தர வயதில், இந்தப் பக்கத்து முகமாக இல்லாமல் இருந்தாள். ஊரே சுற்றி நின்று பார்த்தது. யாருக்கும் உறவில்லை. அவள் சொன்ன ஒன்றிரண்டு வார்த்தைகளும் யாருக்கும் புரியவில்லை.

"நம்ம ஆளு இல்லையே மதினி. திருப்பிக் கொண்டுபோய் விட்டிரட்டுமா?" என்று கேட்டான் ரொசாரி.

மர்செலின் கடலைப் பார்த்தாள். "அவரையும் எங்கயாவது ஒரு கரையில இப்படித்தான் சுத்தி நின்னு பாத்துக்கிட்டிருப்பாவ," என்றாள். பிறகு அந்தப் பெண்ணின் கையைப் பிடித்தாள். "வாங்க. வெயில் ஏறுது."

வீட்டு வாசலில் மர்செலின் செருப்பைக் கழற்றினாள். அந்தப் பெண் அதைக் கவனித்தாள். அவளுக்குச் செருப்பு இல்லை. குனிந்து இரண்டு பாதங்களையும் கழற்றிச் செருப்புக்குப் பக்கத்தில் ஒழுங்காக வைத்துவிட்டு உள்ளே போனாள்.

மர்செலின் அவற்றை எடுத்து வெயில் படாத பக்கமாக நகர்த்தி வைத்தாள்.