கைதட்டல் தீர்மானம்

டயர்க் கடைக்காரருக்கு மற்ற நேரங்களில் கிரிக்கெட் என்றாலே கொட்டாவி வரும். யார் யாரோடு ஆடினால் அவருக்கு என்ன, லாரிக்காரன் சொன்ன தேதியில் டயரை எடுத்துப் போனால் சரி. ஆனால் அந்த ஒரு நாட்டோடு டெஸ்ட் ஆட்டம் என்று செய்தி வந்துவிட்டால் ஆளே மாறிவிடுவார். அந்த நாட்டின் பெயரைக்கூட வாயால் சொல்ல மாட்டார். "அவனுங்க" என்பார். அப்படிச் சொல்லும்போது மூக்கு லேசாக விடைக்கும்.

குடியிருப்புச் சங்கத்துக்கு அவர்தான் செயலாளர். வேறு யாரும் அந்தப் பதவிக்கு ஆசைப்படவில்லை என்பதால் போட்டியில்லாமல் வந்தவர். தண்ணீர்த் தொட்டி கழுவுவதற்கு மூன்று மாதமாக ஆள் பிடிக்காதவர், இந்த ஆட்டம் என்றதும் ஒரே நாளில் எல்லா ஏற்பாட்டையும் முடித்துவிட்டார். மச்சானின் டியூஷன் சென்டரிலிருந்து புரொஜெக்டர் வந்தது. தரைத்தளக் கூடத்துச் சுவரில் இரட்டைக் கட்டில் விரிப்பை ஆணியடித்துக் கட்டினார். தன் வீட்டு டிவியின் செட்டாப் பெட்டியையே பிடுங்கிக்கொண்டு வந்து இணைத்தார்.

"சாயங்காலம் நான் எதைப் பாக்கறது?" என்று மனைவி கேட்டாள்.

"நாட்டுக்காக அஞ்சு நாள் சும்மா இருக்க முடியாதா உன்னால?"

"நான் வருஷம் பூரா சும்மா இல்லாமத்தான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டு அவள் குக்கரை இறக்கினாள்.

முதல் நாள் அந்த நாட்டு அணி பேட் செய்தது. கூடத்தில் ஒரே உற்சாகம். இரண்டாம் நாள் மதியம் ஆகியும் அவர்கள்தான் பேட் செய்துகொண்டிருந்தார்கள். உற்சாகம் ஊசி குத்திய டியூப் மாதிரி மெல்லமெல்ல இறங்கியது. பாதிப் பேர் போனை நோண்டினார்கள். செயலாளர் மட்டும் முன்வரிசை நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, ஒவ்வொரு ரன்னையும் தன் கல்லாவிலிருந்து எடுத்துக்கொண்டு போவது போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் அது நடந்தது. வேகமாக வந்த பந்து ஒன்றை அவர்கள் ஆட்டக்காரன் கடைசி நொடி வரை விட்டுப் பிடித்து, மட்டையால் லேசாகத் தொட்டான். பிள்ளையின் தலையைத் தடவுவது போலத் தொட்டான், அவ்வளவுதான். பந்து வழுக்கிக்கொண்டு எல்லைக்கோட்டைத் தாண்டியது. கூடத்தின் பின்வரிசையிலிருந்து பட்பட்பட் என்று கைதட்டல் கேட்டது.

செயலாளர் நாற்காலியோடு திரும்பினார். எல்லோரும் திரும்பினார்கள். தட்டியவர் மூன்றாம் மாடிக்குப் புதிதாகக் குடிவந்திருந்த லேப்காரர். கடைவீதியில் ரத்தப் பரிசோதனை நிலையம் வைத்திருப்பவர். ஒல்லியான உடம்பு, முகத்தில் எப்போதும் ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்போடு இன்னும் இரண்டு தட்டு தட்டினார். பிறகுதான் எல்லாக் கண்களும் தன் மேல் இருப்பதைக் கவனித்து, கைகளை மடியில் இறக்கிக்கொண்டார்.

"யாருக்கு சார் தட்டுனீங்க?" என்று செயலாளர் கேட்டார். குரல் தணிவாகத்தான் இருந்தது. கடையில் ஒருவனை வேலையை விட்டு அனுப்பப் போகும்போது அவர் குரல் அப்படித்தான் தணியும்.

"நல்லா அடிச்சாரே, அதான்."

"அடிச்சது அவனுங்க ஆளு."

லேப்காரர் விரிப்பை உற்றுப் பார்த்தார். "அப்படிங்களா? எல்லாரும் வெள்ளைச் சட்டை போட்டிருக்காங்க, எனக்கு ஆள் தெரியலீங்க. வீட்டுல ஃபேன் ஓடல. இங்க காத்து வருதேன்னு வந்து உக்காந்தேன்."

அதோடு முடிந்திருக்க வேண்டியது. செயலாளரின் மச்சான் விடவில்லை. அக்கா வீட்டுக்காரர் நெருப்பு வைத்தால் ஊதிவிடுவதற்கென்றே பிறந்தவன் அவன். "மாமா, நம்ம பில்டிங்ல எல்லாரோட ரத்தமும் இந்தாளு கையிலதான் இருக்கு. யோசிச்சீங்களா?" என்று காதோரம் சொன்னான்.

செயலாளர் யோசிக்கவில்லை. ஆனால் யோசித்தது போல முகத்தை வைத்துக்கொண்டார்.

தேநீர் இடைவேளையில் அவசரக் கூட்டம் கூடியது. பொருளாளர் வருமான வரி அலுவலகத்தில் ஓய்வு பெற்ற அம்மாள். எல்லோரும் அவரை 'வரி அக்கா' என்பார்கள். எதையும் எழுத்தில் கேட்கிற பழக்கம் அவரை விட்டுப் போகவில்லை.

"தீர்மானத்தைத் தெளிவாச் சொல்லுங்க. அவங்க பேட்ஸ்மேன் அடிச்சா தட்டக் கூடாது. சரி. நம்ம பௌலர் வைடு போட்டா?"

"அதுக்கு யாரு தட்டப் போறாங்க?"

"அவங்க ஆளு தானே ஸ்டம்ப்பை இடிச்சுக்கிட்டு அவுட் ஆனா? அவுட் ஆனது அவங்க ஆளு, ஆக்கினதும் அவங்க ஆளு. தட்டறது யாருக்குப் போய்ச் சேரும்?"

செயலாளர் நெற்றியைத் தேய்த்தார். பெரிய விவாதத்துக்குப் பிறகு, நமக்கு நன்மை எதுவோ அதற்குத் தட்டலாம் என்று முடிவானது. மீறினால் எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்க வேண்டும், ஆட்டம் முடியும்வரை கூடத்துக்குள் கால் வைக்கக் கூடாது. "பதவி, வயசு எதுக்கும் விலக்கு இல்லைன்னு சேர்த்துக்கவா?" என்று வரி அக்கா கேட்டார். "கட்டாயம் சேருங்க" என்றார் செயலாளர். குழந்தைகளும் கிழவர்களும் தப்பிவிடக் கூடாதே என்பது அவர் எண்ணம்.

லேப்காரர் எழுந்தார். "தெரியாமத் தட்டிட்டேன். மன்னிச்சுக்கங்க" என்று கும்பிட்டுவிட்டு மாடிக்குப் போய்விட்டார். செயலாளருக்குச் சப்பென்று ஆகிவிட்டது. அந்த ஆள் எதிர்த்துப் பேசுவான், அதற்குப் பதில் சொல்லலாம் என்று நாட்டுப்பற்றைப் பற்றி நாலு வாக்கியம் மனத்துக்குள் தயார் செய்து வைத்திருந்தார். அதை அன்று சாப்பாட்டின்போது மனைவியிடம் சொன்னார்.

"இனிமே அவன் லேப்ல யாரும் ரத்தம் குடுக்கக் கூடாது" என்று முடித்தார்.

"ஏன், உங்க சர்க்கரை எவ்வளவுன்னு தெரிஞ்சா அவங்க படையெடுத்துடுவாங்களா?" என்றாள் அவள்.

மூன்றாம் நாள் நம் ஆட்டக்காரர்கள் வந்தார்கள், போனார்கள். ஏதோ பேங்கில் கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்புகிறவர்கள் போல ஆளுக்குக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார்கள். மாலையே எதிரணி மறுபடி பேட் செய்ய வந்துவிட்டது.

நாலாம் நாள் காலை அவர்களின் விக்கெட்டுகள் சில விழுந்தன. ஒவ்வொன்றுக்கும் செயலாளர் எழுந்து நின்று தட்டினார். யார் உட்கார்ந்தபடியே தட்டுகிறார்கள் என்று திரும்பிப் பார்த்து வைத்துக்கொண்டார். மதியம் வீட்டுக்குப் போய் மூக்கு முட்டச் சாப்பிட்டுவிட்டு வந்தார். கூடத்தில் இருட்டு, மேலே ஃபேன், வர்ணனையாளரின் தாலாட்டு. கண் செருகியது. தலை மார்பில் விழுந்தது. குறட்டை வர்ணனையைத் தாண்டிக் கேட்டது. செயலாளர் ஆயிற்றே என்று யாரும் எழுப்பவில்லை.

அவர் தூங்கிக்கொண்டிருந்தபோது அவர்கள் கேப்டன் அடித்த ரன் போதும் என்று பேட்டிங்கை முடித்துக்கொண்டான். நம் அணி கடைசி இன்னிங்ஸ் ஆடக் களம் இறங்கியது. நம் கேப்டனே முதல் ஆளாக வந்து நின்றார். ஹெல்மெட், வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை. இரண்டாவது ஓவரில் ஒரு பந்து உள்ளே புகுந்து நடு ஸ்டம்ப்பைப் பிடுங்கிக்கொண்டு போனது.

கூடத்தில் எழுந்த சத்தத்தில் செயலாளர் விழித்தார். விரிப்பில் ஸ்டம்ப் காற்றில் குட்டிக்கரணம் போடுவதைப் பார்த்தார். ஒரு துள்ளலில் எழுந்தார். "ஒழிஞ்சான்டா" என்று கூவி, இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கித் தட்டினார். விரலை வாயில் வைத்து ஒரு சீட்டியும் அடித்தார். போனில் மூழ்கியிருந்த மச்சானும் மாமா எழுந்துவிட்டாரே என்று எழுந்து நின்று தட்டினான்.

வேறு யாரும் தட்டவில்லை. விரிப்பில் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு நடந்து வந்த முகம், லிஃப்ட் கதவில் செயலாளர் தன் கையாலேயே ஒட்டி வைத்த படத்திலிருந்த அதே முகம்.

"அது நம்ம கேப்டன்" என்றார் வரி அக்கா.

செயலாளரின் கைகள் இன்னும் தலைக்கு மேலேதான் இருந்தன. இறக்கவும் பயம், வைத்திருக்கவும் பயம். உள்ளங்கை எரிந்தது. தூங்கிவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சிரித்துவிட்டு விட்டிருப்பார்கள். ஆனால் நாட்டின் ஆட்டம் நடக்கும்போது செயலாளர் தூங்குவதா? அதற்குத் துரோகியாகவே இருந்துவிடலாம் என்று அவருக்குத் தோன்றியது.

"தெரிஞ்சுதான் தட்டினேன்" என்றார்.

பிறகுதான் கைகளை இறக்கினார்.

"அவன் உள்ள இருந்தா ஆட்டம் அம்பேல். எனக்கு முதல்லேர்ந்தே அவன் மேல சந்தேகம். காசு வாங்கினவன் மாதிரி ஆடறான். அவன் போனதுதான் நமக்கு நன்மை. நன்மை எதுவோ அதுக்குத் தட்டலாம்னு தீர்மானம் இருக்கு."

"மாமா அன்னைக்கே சொன்னாரு" என்றான் மச்சான். எந்த நாள் என்று யாரும் கேட்கவில்லை.

பின்வரிசையில் ஒருவர் மெதுவாக, "ஆமா, போன தொடர்லயும் அவன் சரியா ஆடல" என்றார். இன்னொருவர், "அந்தக் கேட்சை விட்டானே, வேணும்னே விட்ட மாதிரி இருந்துச்சு" என்றார். பேச்சு பற்றிக்கொண்டது. சற்று நேரத்தில் அந்தக் கேப்டனின் மாமனார் யார், அவருக்கு எங்கே வியாபாரம் என்பது வரை போய்விட்டது.

வரி அக்கா மட்டும் அசையவில்லை. "அவங்க பௌலர் எடுத்த விக்கெட்டுக்கு நீங்க தட்டியிருக்கீங்க. மத்ததெல்லாம் பேசித் தீர்மானிக்கலாம். அதுவரைக்கும் வெளியில இருங்க. தம்பி, நீயும்தான்."

"அக்கா, நான் செயலாளர்."

"பதவிக்கு விலக்கு இல்லைன்னு நீங்கதான் சேர்க்கச் சொன்னீங்க."

மச்சான் மட்டும் அங்கேயே மன்னிப்புக் கேட்டான். மாமா தட்டியதால் தட்டினேன் என்றான். புரொஜெக்டர் அவனுடையது என்பதால் அவனை உள்ளேயே விட்டுவிட்டார்கள்.

ஐந்தாம் நாள் காலை செயலாளர் வீட்டில் கூண்டுப் புலி மாதிரி உலாத்தினார். செட்டாப் பெட்டி கீழே இருந்தது. போனில் பார்க்கலாம் என்றால் ஆட்டம் காட்டும் ஆப்பின் சந்தா மச்சான் பெயரில் இருந்தது. போன் செய்தால் மச்சான் எடுக்கவில்லை. கடைக்குப் போகலாம் என்றால், ஐந்து நாள் கடை இல்லை என்று பெரிய எழுத்தில் எழுதி ஷட்டரில் மாட்டிவிட்டு வந்திருந்தார். கீழேயிருந்து "அய்யோ" என்ற சத்தம் அவ்வப்போது மேலேறி வந்தது. எதற்கு என்று தெரியாமல் ஒவ்வொரு முறையும் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

"மூணாம் மாடில டிவி இருக்கு" என்றாள் மனைவி, துணியை மடித்துக்கொண்டே.

"அவன் வீட்டுக்கா?"

"அப்போ இங்கயே நடங்க. தரை நல்லாத் தேயட்டும்."

மாடிப்படியில் யாராவது வருகிறார்களா என்று பார்த்துவிட்டு ஏறினார். லேப்காரர் கதவைத் திறந்து, "வாங்க வாங்க" என்றார். ஏன் வந்தீர்கள் என்று கேட்கவில்லை. சோபாவில் கிடந்த துணிகளை அள்ளி ஒதுக்கி உட்கார வைத்தார். டிவியைப் போட்டு ரிமோட்டைக் கையில் கொடுத்தார். தேநீர் போட்டுக் கொண்டுவந்தார். சர்க்கரை போடாத தேநீர்.

"உங்களுக்குப் போடக் கூடாதுங்களே" என்றார் சிரித்தபடி.

ஆட்டம் போனது. கேப்டன் இல்லாத நம் அணி ஒவ்வொரு விக்கெட்டாக விட்டுக்கொண்டிருந்தது. லேப்காரர் பக்கத்தில் உட்கார்ந்து, இரண்டு கையையும் தயாராக மடியில் வைத்துக்கொண்டு பார்த்தார். பந்து எல்லைக்கோட்டுக்குப் போகும்போதெல்லாம் செயலாளரின் முகத்தைப் பார்த்து, "இதுக்குத் தட்டலாங்களா?" என்பார்.

"தட்டலாம். நம்மாளு."

லேப்காரர் தட்டுவார். அடுத்து ஒரு ஃபீல்டர் பக்கவாட்டில் பறந்து ஒற்றைக் கையில் கேட்ச் பிடித்தான். லேப்காரரின் கைகள் தாமாக மேலே வந்து பாதியில் நின்றன.

"இதுக்கு?"

"கூடாது."

"நல்லாப் பறந்தாரே."

"பறக்கட்டும். கூடாது."

கைகள் இறங்கின. செயலாளருக்கு உள்ளே ஒரு குளிர்ச்சி பரவியது. கீழே அத்தனை பேரை வைத்துக்கொண்டும் இப்படி ஒரு ஒழுங்கு வந்ததில்லை. எந்த ஃபீல்டர் எங்கே நிற்கிறான், ஏன் நிற்கிறான் என்றெல்லாம் விளக்க ஆரம்பித்தார். பாதி தப்பு. லேப்காரர் எல்லாவற்றுக்கும் "ஓஹோ" என்றார்.

தேநீர் இடைவேளைக்குப் பிறகு கடைசி ஆளும் அவுட் ஆனான். வெள்ளைச் சட்டைகள் ஒன்றையொன்று கட்டிப்பிடித்துக்கொண்டன.

"முடிஞ்சிருச்சா? யாருங்க ஜெயிச்சது?"

செயலாளர் எழுந்து வேட்டியை உதறிக் கட்டினார். "அவனுங்க ஜெயிக்கல. நம்ம கேப்டன் தோத்தான்" என்றார்.

கீழே இறங்கினார். கூடத்தில் எல்லோரும் எழவு வீட்டில் உட்கார்ந்திருப்பது போல இருந்தார்கள். அவரைப் பார்த்ததும் ஒருவர் எழுந்து நாற்காலி கொடுத்தார். "நீங்க நேத்தே சொன்னீங்க சார். நாங்கதான் கேக்கல" என்றார். லிஃப்ட் கதவிலிருந்த கேப்டனின் படம் ஏற்கனவே கிழிக்கப்பட்டிருந்தது. மூலையில் கொஞ்சம் காது மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. மச்சான் தண்ணீர் பாட்டிலோடு வந்து பக்கத்தில் நின்றான். வரி அக்காகூட, "உங்க காரணத்தைக் குறிப்புல சேர்த்துக்கறேன்" என்றார். செயலாளர் தலையை மட்டும் அசைத்தார். முன்கூட்டியே எல்லாம் தெரிந்தவர் அதிகம் பேசக் கூடாது அல்லவா.

அப்போது வாசலில் நிழல் விழுந்தது. லேப்காரர் நின்றார். கையில் செயலாளரின் மூக்குக் கண்ணாடி.

"சோபாவுல விட்டுட்டு வந்துட்டீங்க" என்றார்.

எல்லோரும் செயலாளரைப் பார்த்தார்கள். செயலாளர் கண்ணாடியைப் பார்த்தார். பிறகு லேப்காரரின் கால்களைப் பார்த்தார். ஒரு கால் வாசற்படிக்கு உள்ளே இருந்தது.

"ஏன் சார், ஆட்டம் முடிஞ்சாலும் உங்க தண்டனை இன்னும் முடியலையே" என்றார்.

லேப்காரர் குனிந்து பார்த்து, காலை வெளியே எடுத்துக்கொண்டார். "ஆமாங்க, மறந்துட்டேன்" என்றார். கண்ணாடியை வாசலோரம் இருந்த சைக்கிள் சீட்டின் மேல் வைத்துவிட்டு, படியேறிப் போனார்.

செயலாளருக்கு நெஞ்சுக்குள் ஏதோ முள் தைத்தது போல ஒரு நொடி இருந்தது. அதற்குள் யாரோ அடுத்த தொடர் எப்போது என்று கேட்டார்கள். அவர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டு சொல்ல ஆரம்பித்தார்.