தெருமுனையில் கேட்ட சத்தம்

அந்த மெக்கானிக்கை எல்லோரும் 'நாளைக்கு அண்ணன்' என்றுதான் சொல்வார்கள். எந்த வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினாலும், என்ன கோளாறு என்று கேட்பதற்கு முன்பே "நாளைக்கு வாங்க" என்று சொல்லிவிடுகிற ஆள். அவர் பெற்ற பிள்ளைகளே அவரிடம் இன்றைக்கென்று எதையும் கேட்பதில்லை என்று ஒரு கேலி உண்டு. மருந்துக்கடைக்காரி தன் அப்பாவின் பழைய காரை ஷெட்டுக்குள் கொண்டுவந்து நிறுத்தியபோதும் அவர் வாய் பழக்க தோஷத்தில் அதையேதான் சொன்னது.

"நாளைக்கு எனக்கு வண்டி வேணும்ண்ணே. அப்பாவை ஆஸ்பத்திரியிலேர்ந்து கூட்டிட்டு வரணும்."

"அப்படியா! நல்லாயிட்டாரா?"

அவள் சாவியை நீட்டினாள். 'வீட்டுக்கு அழைத்துப் போய் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்' என்று டாக்டர் சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்று மருந்துக்கடை வைத்திருப்பவளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. எழுதிக் கொடுத்த மாத்திரைகளில் குணமாக்குகிறது ஒன்றுகூட இல்லை. எல்லாம் வலியை அடக்குகிறவை.

நாளைக்கு அண்ணன் அவள் முகத்தைப் பார்த்தார். குடித்துக்கொண்டிருந்த டீயைக் கீழே வைத்தார்.

"சரி வாங்க. இன்னைக்கே பாத்துடுவோம்."

ஆம்புலன்ஸில் வர அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. மலையைத் தாண்டி அரைநாள் பயணம். டாக்டர் சொல்லிப் பார்த்தார், நர்ஸ் கெஞ்சிப் பார்த்தாள், மகள் அழுதும் பார்த்தாள். மனிதர் பிடித்த பிடியை விடவில்லை.

"படுத்த வாக்குல வந்து உங்கம்மா முன்னால இறங்க மாட்டேன். அவ வாசல்ல நிப்பா. என் கார்ல உக்காந்துதான் வருவேன்" என்றுவிட்டார்.

அம்மா வாசலில் நிற்பாள் என்பது அப்பாவின் வாழ்நாள் பெருமை. நூற்பாலை இரைச்சலிலேயே வேலை பார்த்துக் காது மந்தமாகிப்போன மனிதர் அவர். காது கேளாதவர்களுக்கே உரிய பெரிய குரலில் டீக்கடை அதிரச் சொல்வார்: "நான் எந்நேரம் போனாலும் சரி, என் வீட்டுக்காரி வாசல்ல நிப்பா. ஒருநாள் தவறினதில்ல!" கேட்டுக்கொண்டிருந்தவர்கள் வீட்டுக்குப் போய்த் தங்கள் மனைவிமாரிடம் வம்புக்கு நின்றதாகவும் கேள்வி.

ஷெட்டுக்குப் பின்னால் இருந்த காலி மைதானத்தில் அவளை ஓட்டச் சொல்லிவிட்டு நாளைக்கு அண்ணன் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார். கண்ணை மூடிக்கொண்டார். முதலில் நேராக ஓட்டச் சொன்னார்.

"நேரா போறப்ப முனகினா வீல் பேரிங். முனகல இல்ல? நல்லது. இப்ப ஸ்டியரிங்க இடது பக்கம் முழுசா ஒடிச்சு வட்டம் போடுங்க."

போட்டாள். பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை.

"இப்ப வலது பக்கம். ஆக்சிலேட்டரை மெதுவா மிதிங்க."

டக் டக் டக் டக் என்று முன் சக்கரத்துப் பக்கம் சத்தம் கிளம்பியது. காலை எடுத்தால் அடங்கியது, மிதித்தால் மறுபடி பிடித்துக்கொண்டது. யாரோ கதவைத் தட்டுவதுபோல ஒரே சீரான சத்தம்.

"இடது பக்க டிரைவ் ஷாஃப்ட், சக்கரத்தைச் சுத்துற தண்டு. சக்கரத்துப் பக்கத்து ஜாயின்ட் தேஞ்சு போச்சு. சுமை ஏறினாத்தான் கத்தும்" என்றார் அவர். அவள் பக்கம் திரும்பினார். அவள் கண்ணில் நீரோடு சிரித்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா?"

"இது அப்பா சத்தம்ண்ணே."

அப்புறம் சொன்னாள். வீட்டுக்குப் போகத் தெருமுனையில் வலது பக்கம் திரும்ப வேண்டும். திரும்பும்போது இந்தச் சத்தம் வரும். சமையலறையில் இருக்கும் அம்மா அதைக் கேட்டதும் கையைத் துடைத்துக்கொண்டு ஓடிப்போய் வாசலில் நிற்பாள். ஏதோ காலையிலிருந்து அங்கேயே நிற்கிறவள் மாதிரி முகத்தை வைத்துக்கொள்வாள். ஜாயின்ட் கெடுவதற்கு முன்னால் சைலன்சர் ஓட்டை, அதற்கு முன்னால் பழைய ஸ்கூட்டரின் உறுமல் என்று ஏதாவது ஒன்று எப்போதும் முன்கூட்டியே தகவல் சொல்லிக்கொண்டிருந்தது. அப்பாவுக்கு மட்டும் ஒன்றும் கேட்டதில்லை. 'அவர்கிட்ட சொல்லிடாதே. சொன்னா மறுநாளே போய்ச் சரி பண்ணிட்டு வந்து நிப்பார்' என்று அம்மா மகளின் வாயைக் கட்டிப்போட்டிருந்தாள்.

"கெட்டிக்காரிதான் உங்கம்மா" என்றார் அவர்.

ஜாக்கி போட்டுத் தூக்கி, சக்கரத்தைக் கழற்றிக் காட்டினார். ஜாயின்ட்டை மூடியிருந்த ரப்பர் உறை கிழிந்து, உள்ளே இருந்த கிரீஸ் எல்லாம் சக்கரத்தின் உள்பக்கம் வாரி அடித்திருந்தது. ஷாஃப்டைப் பிடித்துத் திருகினார். பல் ஆடுவதுபோல ஆடியது.

"கிரீஸ் போயி மண்ணு பூந்துடுச்சு. ஊருக்குள்ள ஓட்டினா இன்னும் கொஞ்ச காலம் ஓடும். மலையில வளைவுக்கு வளைவு சுமை ஏறும். நடுவுல உடைஞ்சா வண்டி ஒரு அடி நகராது."

நடுமலையில் நின்றுபோன காரில் அப்பா சாய்ந்து கிடப்பதை அவள் மனசு ஒருகணம் பார்த்துவிட்டது.

"மாத்திடுங்கண்ணே."

"அப்போ காலிங் பெல்லைக் கழட்டச் சொல்றீங்க" என்றார். இருவரும் சிரித்தார்கள். ஆஸ்பத்திரி வாசம் பிடித்த நாளிலிருந்து அவள் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான். சிரித்தாள், அத்தோடு அதை மறந்தும் போனாள். வேறு ஷாஃப்ட் மாட்டி மறுபடி மைதானத்தில் வட்டம் போட்டுப் பார்த்தபோது வண்டி பூனை மாதிரி போனது. அவளுக்கு அது நிம்மதியாகத்தான் இருந்தது.

அன்றிரவே ஷெட்டிலிருந்து நேராக மலை தாண்டிப் போய், மறுநாள் காலையில் அப்பாவை முன் சீட்டில் இரண்டு பக்கமும் தலையணை அண்டக்கொடுத்து உட்கார வைத்தாள். புறப்படும் முன் அம்மாவுக்குப் போன் போட்டாள்.

"கிளம்பிட்டோம்மா. சாயங்காலத்துக்குள்ள வந்துடுவோம்."

"வாங்க வாங்க. முன் ரூம்ல கட்டில் போட்டுட்டேன். நீ திரும்பத் திரும்பப் போன் பண்ணாதே, ஓட்டறதைப் பாரு. தெருமுனை திரும்பறப்பவே எனக்குத் தெரிஞ்சிடும்."

"சரிம்மா" என்றாள் அவள். காதால் கேட்டாளே தவிர, மண்டையில் ஏறவில்லை. அவள் கண் அப்பாவின் கையில் சலைன் ஊசி எடுத்த இடத்தில் ஒட்டியிருந்த பஞ்சின் மேல் இருந்தது. அவளைக் குறை சொல்லி என்ன பயன்? சாகப்போகிற மனிதரை மலை தாண்டிக் கொண்டுவருகிறவளுக்கு எத்தனையைத்தான் நினைவில் வைத்துக்கொள்ள முடியும்?

வண்டி ஒரு முனகல் இல்லாமல் மலை ஏறி இறங்கியது. அப்பா பாதி வழி தூங்கினார். ஊரை நெருங்கியதும் எழுந்து சீப்பு கேட்டார். தலையை வாரிக்கொண்டார். அந்தப் பெரிய குரல் போன இடம் தெரியவில்லை. சட்டையின் மேல் பட்டனைப் போட்டுவிடச் சொன்னதுகூட அவளுக்குச் சரியாகக் கேட்கவில்லை.

"திருப்பத்துல மெதுவா போ. நான் உக்காந்திருக்கறதை அவ பாக்கணும்."

மெதுவாகவே திருப்பினாள். கார் சத்தமில்லாமல் தெருவுக்குள் நுழைந்தது.

வீட்டுக் கதவு சாத்தியிருந்தது.

அந்தக் கதவைப் பார்த்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. வேகமாகப் போய் வாசலில் நிறுத்தி ஹாரனை அழுத்தினாள். யாரும் வரவில்லை. அப்பா ஒருநாளும் ஹாரன் அடித்துக்கொண்டு வந்ததில்லை. அம்மாவுக்கு அது தெருவில் போகிற யாருடைய ஹாரனோ.

அப்பா கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவள் கைமேல் கை வைத்தார்.

"அடிக்காதே. அசந்திருப்பா. எத்தனை வருஷந்தான் நிப்பா, பாவம்."

அவள் இறங்கி ஓடினாள். அம்மா சமையலறை ஜன்னல் ஓரம் முக்காலி போட்டு, குழாயைக்கூட இறுக்க மூடிவிட்டு, மூச்சை அடக்கி உட்கார்ந்திருந்தாள்.

"என்னடி நீ மட்டும் வர்ற? சத்தமே கேக்கலியே! அப்பா எங்க?"

வாசல் பக்கம் கையைக் காட்டினாள். அம்மா செருப்புக்கூடப் போடாமல் ஓடி, கார் கதவைத் திறந்து, அவர் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அப்பா அவள் தலையைத் தடவினார்.

"பரவால்ல விடு. ஒருநாள்தானே" என்றார்.

அன்று அவரைத் தூங்க வைத்த பிறகு மகள் அம்மாவிடம் வந்து நின்றாள்.

"அப்பாகிட்ட சொல்லிடலாம்மா. வண்டியைச் சரி பண்ணினதாலதான்னு சொல்லிடலாம். நீ மறந்துட்டேன்னு நினைச்சுக்கிட்டே அவர் போகக் கூடாது."

அம்மா முன் அறைப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"என்னன்னு சொல்லுவ? நான் ஒருநாளும் நிக்கலேன்னா?"

மகள் போய் முன் அறை விளக்கை அணைத்தாள்.

அப்பாவின் கட்டில் முன் அறையில் வாசலைப் பார்த்துக் கிடந்தது. மறுநாள் காலையிலிருந்து அம்மா வாசற்படியிலேயே நிற்கத் தொடங்கினாள். கஞ்சி ஊட்டவும் மாத்திரை கொடுக்கவும் உள்ளே வருவாள், கொடுத்துவிட்டுத் திரும்பவும் போய் நின்றுகொள்வாள். அப்பா கண் திறக்கும்போதெல்லாம் அவள் அங்கே இருந்தாள். ஒருநாள் அவர் மெல்லச் சிரித்துக்கொண்டு கேட்டார்:

"நான்தான் வந்துட்டேனே. இன்னும் யாருக்குடி நிக்கிறே? வந்து பக்கத்துல உக்காரு."

அவள் வந்து உட்கார்ந்தாள். அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த வாரத்திலேயே போய்விட்டார்.

எல்லோரும் வந்து போய், வீடு காலியான பிறகு மகள் கடையைத் திறந்தாள். சாயங்காலம் அப்பாவின் காரிலேயே திரும்பினாள். தெருமுனையில் வண்டி சத்தமில்லாமல் திரும்பியது. அம்மா வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

"எப்ப வந்து நின்னேம்மா?"

"இப்பத்தான்."

உள்ளே போனதும் அம்மாவை நாற்காலியில் உட்கார வைத்தாள். பாதம் இரண்டும் வீங்கியிருந்தன. விரலால் அழுத்தினால் குழி விழுந்தது. மதியத்திலிருந்தே நின்றிருக்க வேண்டும்.

"ஏம்மா இப்படிப் பண்றே? நான் சாவி வெச்சிருக்கேன்ல?"

"சத்தந்தான் இல்லையே" என்றாள் அம்மா. "இனி நின்னாத்தானே தெரியும்."

மகள் வெந்நீர் கொண்டுவந்து அவள் கால்களை எடுத்து வாளிக்குள் வைத்தாள்.