வாயால் கழுவிய கை

எங்கள் அறுவை சிகிச்சை வார்டின் மூத்த நர்சுக்கு 'மௌனச் சிஸ்டர்' என்று பட்டப்பெயர். வேலை நடக்கும், வாய் திறக்காது.

ஆண்டுதோறும் எங்களுக்குத் திறன் தேர்வு உண்டு. போன முறை பொம்மை நோயாளிக்கு எல்லாவற்றையும் சரியாகச் செய்துவிட்டு அவர் ஃபெயிலானார். செய்வதை வாய்விட்டுச் சொல்லவில்லையாம். சொல்லாததற்கு மார்க் கிடையாதாம். இந்த முறையும் கோட்டை விட்டால் வார்டைவிட்டு டோக்கன் கவுண்டருக்கு மாற்றிவிடுவார்கள். அந்த நினைப்பிலேயே அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பயிற்சி வகுப்பில் சேர்ந்தார். அந்த அறையில் குழாய் இல்லை. "கை கழுவுகிறேன்" என்று சொன்னால் கழுவியதாகக் கணக்கு. கையுறை போடுவதும் வாயால்தான். இந்தக் கூத்தைப் பார்த்து எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யாரிடம் போய்ச் சொல்ல?

வீட்டிலும் ஒத்திகை நடந்தது. அவர் கணவர் என்னிடம் போனில் சொன்னார்: "கதவைத் திறக்கறேன், செருப்பைக் கழட்டறேன்னு ஒவ்வொண்ணா சொல்றாம்மா. நேத்து 'இப்ப உங்க மேல கோபப்படறேன்'னா. இத்தனை வருஷமா அவ கோபமா இருக்காளான்னே தெரியாது. அந்த வகையில நல்லதுதான்."

தேர்வு நாளில் பொம்மைக்குப் பதில் நிஜ நோயாளி: வயிற்றில் அறுவை முடிந்து படுத்திருந்த ஒரு வக்கீல். பயிற்சி வகுப்பு எடுத்த மேடம் மார்க் தாளோடு கட்டிலருகே நின்றார். தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு நான்.

"நோயாளிக்கு வணக்கம் சொல்கிறேன்" என்று ஆரம்பித்தார் சிஸ்டர்.

"சொல்லுங்க" என்று காத்திருந்தார் வக்கீல்.

"கை கழுவுகிறேன்."

மேடம் டிக் அடித்தார். சிஸ்டர் நேராக வயிற்றுப் புண்ணின் பழைய கட்டைப் பிரிக்கக் கையை நீட்டினார். வக்கீல் தன் கையைக் குறுக்கே வைத்தார்.

"இன்னும் கழுவலையே சிஸ்டர்."

"சொன்னேனே."

"சொன்னதுக்கு நாங்க மூணு பேரும் சாட்சி. கழுவினதுக்குத்தான் சாட்சி இல்ல. குழாய் அந்த மூலையில இருக்கு."

சிஸ்டர் தன் கையைப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. கழுவாத கையோடு ஒரு புண்ணின் பக்கம் போகிறவரே இல்லை அவர்.

"என்னை டோக்கனுக்கே அனுப்பிடுங்க மேடம்" என்றார்.

மேடம் தான் போட்ட டிக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். வக்கீல் அவரையும் விடவில்லை.

"நீங்களும் பக்கத்துலதானே நின்னீங்க. உங்களுக்கு யாரு பரீட்சை வெக்கறாங்க?"

மேடத்தின் காது சிவந்தது. தாளை மடித்துப் பையில் போட்டார்.

"போய் கழுவிட்டு வாங்க சிஸ்டர். எதையும் சொல்லவேணாம், செய்யுங்க. நான் பாக்கறேன்."

சிஸ்டர் குழாயைத் திறந்தார். மேடம் கூடவே போய் நின்று, விரல் விரலாகப் பார்த்தார்.