ஒன்பது விநாடி மூடிய கதவு

"பயம் கண்ணுல இல்லப்பா, காதுல இருக்கு!" என்று டைரக்டர் மேஜையைத் தட்டினார். கத்திரிக்கு வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது.

கத்திரி என்பது எடிட்டருக்கு யூனிட் வைத்த பெயர். டைரக்டருக்கு அவள் மனைவியும்கூட. பன்னிரண்டு வருஷமாக அவருடைய படங்களை வெட்டி ஒட்டுகிறாள். அவளுக்காக அவர் ஒருநாளும் மேஜையைத் தட்டியதில்லை. இப்போது தட்டியது, சேர்ந்து மூன்று மாதம் ஆகாத சவுண்டுக்காரப் பெண்ணுக்காக. அவளுக்கு யூனிட் வைத்த பெயர் காது.

விஷயம் இதுதான். படத்தில் ஒரு மனைவி சமையலறையில் நிற்கிறாள். மூடிய கதவுக்குப் பின்னால் புருஷன் போனில் பேசுகிறான். "யாரு?" என்கிறாள். "யாருமில்ல" என்று உள்ளிருந்து பதில். பிறகு ஒன்றுமே நடக்காது. மூடிய கதவு மட்டும் ஒன்பது விநாடி தெரியும். காட்சி முழுக்க ஃபிரிட்ஜின் ரீங்காரத்தை யாரும் கவனிக்காதபடி மெல்ல ஓடவிட்டு, அந்த "யாருமில்ல"வோடு சட்டென்று நிறுத்தியிருந்தாள் காது. அவ்வளவுதான். பார்த்த நாலு பேருக்கும் முதுகு சில்லிட்டுப் போயிற்று.

"நிக்கிற வரைக்கும் அப்படி ஒரு சத்தம் இருந்ததே தெரியல பாரு!" டைரக்டர் மாய்ந்து மாய்ந்து போனார்.

"ஃபிரிட்ஜ் நின்னதுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்? நம்ம வீட்டுல கரண்டு போனா தானா நிக்குது" என்றாள் கத்திரி.

"உனக்குப் பொறாமைடி."

"ஆமா, ஃபிரிட்ஜ் மேல."

அன்று சாயங்காலம், அந்த வாரம் எடுத்த வெட்டாத துண்டுகளைப் போட்டுப் பார்த்தாள். முதல் தடவை சத்தத்தை அணைத்துவிட்டுத்தான் பார்ப்பாள். வசனம் கண்ணை ஏமாற்றிவிடும் என்பது அவள் கட்சி. ஒரு துண்டில், கிளாப் அடிப்பதற்கு முன்னால், ஓரத்தில் நின்ற டைரக்டர் பக்கவாட்டில் பார்த்துச் சிரித்தார். கல்யாணமான புதிதில் பார்த்த சிரிப்பு. வேறொரு துண்டின் கடைசியில் காது, கன்னத்தைக் கையால் மூடிக்கொண்டு குனிந்திருந்தாள். முகம் சிவந்து கிடந்தது.

இரண்டையும் ஒட்டினாள். அவர் சிரிக்கிறார், அவள் சிவக்கிறாள். ஏழு தடவை ஓட்டிப் பார்த்தாள்.

இரண்டு துண்டைப் பக்கத்தில் வைத்தால் நடுவில் இருக்கும் கதையைப் பார்ப்பவர்களே இட்டு நிரப்பிக்கொள்வார்கள். கத்திரியின் பிழைப்பே இந்த வித்தையில்தான் ஓடுகிறது. தன் விஷயம் என்று வந்ததும் அது சுத்தமாக மறந்துபோயிற்று.

மறுநாள் காலை தயாரிப்பாளர் அந்தக் கதவுக் காட்சியைப் பார்க்க வருவதாக இருந்தது. அதற்குள் கத்திரி ஒன்பது விநாடியை இரண்டு விநாடியாக நறுக்கி, மேலே ஒரு வயலினையும் இழுத்துவிட்டாள்.

தயாரிப்பாளர் பார்த்தார். கொட்டாவி விட்டார். "என்னய்யா, நடுங்கும்னு சொன்னீங்க? வயலின்தான் நடுங்குது."

டைரக்டர் திரும்பினார். "காது! என்ன பண்ணி வச்சிருக்க?"

காது ஒரு கணம் கத்திரியைப் பார்த்தாள். "என் பக்கம்தான் தப்பு சார். மத்தியானம் சரி பண்ணிக் காட்டறேன்."

அடுத்த பத்தாவது நிமிஷம் எடிட்டிங் அறைக் கதவு திறந்தது.

"அக்கா, அந்த ஒன்பது விநாடி எங்க?"

"வெட்டறதுதான் என் வேலை."

"நீங்க வெட்டாம விட்டதாலதான் எனக்கு அந்த யோசனையே வந்துச்சு. தனியா உக்காந்து அந்தக் கதவையே பாத்தேனா, எனக்கே உதறிடுச்சு. எழுந்து போய் லைட்டைப் போட்டேன். அப்புறம்தான் சத்தத்தை எடுத்தேன். ரெண்டு விநாடின்னா, ஏதோ கரண்டு போச்சுன்னு நினைப்பாங்க."

திரையில் அந்த ஒட்டுத்துண்டு அப்படியே நின்றிருந்தது. காது அதைப் பார்த்துவிட்டாள்.

"இது நான்தானே? எதுக்குக்கா சாரோட சேர்த்து ஒட்டி வச்சிருக்கீங்க?"

"நீயே சொல்லேன்."

"சத்தம் எங்க?"

"சத்தம் இல்லாமத்தான் பாப்பேன்."

காது கையை நீட்டிச் சத்தத்தைத் திறந்துவிட்டாள். முதல் துண்டில், ஊசி விழுந்தால் கேட்கும் அமைதியில், 'கொர்ர்ர்' என்றது கதாநாயகனின் வயிறு. "யோவ், சாப்பிட்டுட்டு வரக்கூடாதா?" என்று டைரக்டரின் குரல், யூனிட்டே கொல்லென்று சிரித்தது. அடுத்த துண்டில் யாரோ ஒரு பெண் கத்தினாள்: "அடியே, பல்லு வலின்னா டாக்டர்கிட்ட போய்த் தொலையேன்டி!"

"கடவாய்ப்பல்லுக்கா. வீங்கிடுச்சு. கிளாப் பலகையில தேதியைப் பாருங்க, சார் சிரிச்சது செவ்வாய்க்கிழமை. நான் அழுதது வியாழக்கிழமை."

கத்திரி நாற்காலியைத் திருப்பிக்கொண்டாள். "போ. கதவைத் திரும்ப வைக்கறேன்" என்றாள், முகத்தைக் காட்டாமல்.

மத்தியானம் தயாரிப்பாளர் இரண்டு காலையும் தூக்கி நாற்காலி மேல் வைத்துக்கொண்டு பார்த்தார். டைரக்டர் துள்ளினார். "காது, கலக்கிட்ட!"

"அக்காவோட கதவு சார் அது."

"கதவு சும்மாதானேம்மா நிக்குது!"

கத்திரி சிரித்துவைத்தாள். புருஷன் மேல் இருந்த எரிச்சல் அடங்கியிருந்தது. அந்தப் பெண்ணின் காது மேல் இருந்தது அடங்கவில்லை. அந்த ஒன்பது விநாடியை எத்தனை நாள் பார்த்தோம், ரீங்காரத்தை நிறுத்த நமக்குத் தோன்றவில்லையே!

"ஏய் காது."

"என்னக்கா?"

"இனிமே புதுசா எடுத்ததைப் பாக்கறப்ப நீயும் வந்து உக்காரு. சத்தத்தோட பாக்கலாம்."

"உங்க பக்கத்துலயாக்கா?"

"பின்னாடி ஒரு ஸ்டூல் கிடக்குது, அதுல உக்காரு. முதல்ல போய் அந்தப் பல்லைப் பிடுங்கிட்டு வா."