கடைசிப் பக்கத்தை முதலில் படிப்பவள்

துப்பறியும் நாவலின் கடைசிப் பக்கத்தை முதலில் படிக்கும் ஒருத்தியோடு குடித்தனம் நடத்தியவர்களுக்குத்தான் என் கஷ்டம் புரியும். நான் உப்சாலாவில் நகரப் பேருந்து ஓட்டுகிறேன். வேலை முடிந்து வந்து, காலை நீட்டிக்கொண்டு ஒரு கொலைக்கதை படிப்பது என் வழக்கம். என் மனைவி டீசா பின்னால் வந்து நின்று புத்தகத்தை என் கையிலிருந்து உருவுவாள். கடைசித் தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தருவாள். பிறகு ஒன்றுமே நடக்காதவள் போல, "அந்தப் பாதிரியார் மேல ஒரு கண்ணு வெச்சுக்கோ, ஸ்தூரே" என்பாள். அத்தோடு என் மாலை நாசம்.

"உனக்கு இதுல என்ன சுகம்?" என்று கத்துவேன்.

"முடிவு தெரிஞ்சா பதற வேண்டாம் பாரு. வழிய நிதானமா வேடிக்கை பார்க்கலாம்."

அவள் தொழில் அப்படி. பல்கலைக்கழகத்தில், ஆராய்ச்சிக் கட்டுரைகளை எப்படிப் படிப்பது என்று முதலாண்டு மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவள். அவளைக் கூட்டிவர முன்னதாகவே போய்விட்டால் வகுப்பின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பேன். ஆண்டுதோறும் அதே பேச்சுதான். எனக்கு மனப்பாடம்.

"கட்டுரைங்கறது கதை இல்ல, வீடு" என்பாள். "சமையலறையில போய்க் கட்டிலத் தேடாதீங்க. வாசல்ல சுருக்கம் இருக்கும். எதுக்காகச் செஞ்சாங்கங்கறது முன்னுரையோட கடைசிப் பத்தியில. யார வெச்சுச் செஞ்சாங்கங்கறது முறைகள்ல. கண்டுபிடிச்சது அட்டவணையில. அதுக்கு என்ன அர்த்தம்னு அவங்க நம்பறாங்களோ அது விவாதத்துல. வெட்கமான சங்கதி மட்டும் 'குறைகள்'னு ஒரு சின்னப் பத்தியில, கதவுக்குப் பின்னால துடைப்பம் மாதிரி நிக்கும். வாசல்ல என்ன சொன்னாங்கன்னு கேட்டுட்டு நேரா அந்தக் கதவுக்குப் பின்னால போய்ப் பாருங்க."

என்னைக் கிண்டல் செய்வதற்கும் அதையே பயன்படுத்துவாள். "நீ எல்லா ஸ்டாப்புலயும் நிறுத்தற ஆளு. உனக்குக் கட்டுரை சரிப்படாது."

எங்கள் ஊரில் முனைவர் பட்டத்துக்கான ஆய்வேட்டை, தேர்வுக்குச் சில வாரங்களுக்கு முன்பு, எல்லோர் முன்னிலையிலும் அறிவிப்புப் பலகையில் ஆணி அடித்து மாட்டுவார்கள். அடித்த கையோடு காப்பியும் கேக்கும் உண்டு. வந்தவர்கள் ஆளுக்கொரு பிரதியை எடுத்துக்கொண்டு நேரே நன்றிப் பக்கத்துக்குத்தான் போவார்கள். தன் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பார்கள், மூடி வைத்துவிட்டுக் கேக்கை எடுப்பார்கள். டீசாவுக்கு அதைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். "வருஷக்கணக்கா உழைச்சு எழுதியிருக்கு அந்தப் பொண்ணு. ஒரு ஜென்மமாவது சுருக்கத்தப் படிச்சுதா பாரு" என்று வழியெல்லாம் பொருமுவாள். வீட்டுக்கு வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் அவளும் நன்றிப் பக்கத்தைத்தான் திறப்பாள். நான் பார்க்காதது போல இருந்துகொள்வேன்.

ஒரு ஜனவரிக் காலையில் செய்தித்தாளைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். "இன்னிக்கு யாரோ எழுத்தயெல்லாம் கலைச்சுப் போட்டு அச்சடிச்சிருக்காங்க" என்றாள். வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

எழுத்துகள் அவள் கண்ணுக்குத் தெரிந்தன. அவை சேர்ந்து சொல்லாகவில்லை. பேச்சு அப்படியே இருந்தது, நினைவு அப்படியே இருந்தது, என்னை மட்டம் தட்டும் நாக்கும் அப்படியே இருந்தது. வாசிப்பு மட்டும் போய்விட்டது. மூளையின் இடப்பக்கம், பின்னால், கத்தி வைக்க முடியாத இடத்தில் ஒரு கட்டி என்றார்கள். உலகத்தில் எத்தனையோ பேர் வருஷத்துக்கு ஒரு புத்தகம்கூடத் திறப்பதில்லை. இவளிடமிருந்துதானா இதைப் பிடுங்க வேண்டும் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

ஏப்ரலில் மருத்துவர் இல்வா எங்களை அழைத்தார். இளம்பெண், பேசும்போது கையை மடியில் கட்டிக்கொள்வார். புதிதாக ஒரு சிகிச்சை இருக்கிறதாம். உடனே தொடங்க வேண்டும். கோடை முழுவதும் ஆஸ்பத்திரியிலேயே இருக்க வேண்டியிருக்கும்.

"பலன் இருக்க வாய்ப்பிருக்கு. உங்களுக்கு எவ்வளவு இருக்கும்னு உறுதியா சொல்ல முடியல" என்றார்.

"எந்தக் கட்டுரைய வெச்சு சொல்றீங்க?" என்று டீசா கேட்டாள்.

இல்வா நோயாளிகளுக்கான வண்ணத்தாள் ஒன்றை நீட்டினார். டீசா அதை வாங்காமல் அவர் முகத்தையே பார்த்தாள். இல்வா எழுந்துபோய்க் கட்டுரையை அச்செடுத்துக் கொண்டுவந்து கொடுத்தார்.

கோடை முழுவதும் ஆஸ்பத்திரி என்றால் கிரேஸோ தீவு இல்லை. அங்கே அவள் அப்பா கட்டிய சிறிய மரவீடு இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து எங்கள் கோடையெல்லாம் அங்கேதான். இந்தக் கோடையை எங்கே கழிப்பது என்று அந்த வாரத்துக்குள் இல்வாவிடம் சொல்ல வேண்டும். நான் எப்போதோ முடிவு செய்துவிட்டேன். தீவு எங்கேயும் போய்விடாது. அவள் பிழைக்க வேண்டும்.

ஞாயிறு பகலில் சமையலறை மேசையில் உட்கார்ந்தோம். காப்பி ஊற்றினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கட்டுரையின் முதல் வரியில் தொடங்கினேன்.

"பஸ் ஓட்டாதே. சுருக்கத்துல கடைசி ரெண்டு வரி" என்றாள்.

படித்தேன். இந்தச் சிகிச்சை நோயாளிகளின் ஆயுளைக் கூட்டியது என்று இருந்தது. சந்தோஷத்தில் என் குரல் உயர்ந்துவிட்டது. மேசையைத் தட்டினேன்.

"யாரோட ஆயுள?"

"நோயாளிகளோடதுன்னு போட்டிருக்கே."

"அது வாசல் பேச்சு. அட்டவணைக்குப் போ. ஆபரேஷன் பண்ண முடியாதவங்கன்னு ஒரு வரி தனியா இருக்கும். அதான் நான்."

தேடினேன். இருந்தது. ஒரு பக்கம் சிகிச்சை எடுத்தவர்கள், மறுபக்கம் எடுக்காதவர்கள். எத்தனை மாதம் உயிரோடு இருந்தார்கள் என்று இரண்டு பக்கமும் எண்கள். அறுவை செய்துகொண்டவர்களின் வரியில் இரண்டுக்கும் நல்ல தூரம் இருந்தது. அவள் வரியில் இரண்டு எண்களும் ஏறக்குறைய ஒன்றேதான். இரண்டுமே சின்ன எண்கள்.

எதிரே அவள் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். அந்தத் தாளை அவள் முகத்துக்கு நேரே பிடித்தாலும் அவளால் படிக்க முடியாது.

"ரெண்டு மடங்கு" என்றேன். "சிகிச்சை எடுத்தவங்க ரெண்டு மடங்கு காலம் இருந்திருக்காங்க."

"அப்படியா?"

"அப்படித்தான் இருக்கு."

"சரி. விவாதத்துல முதல் பத்திய படி."

அதில் பொய் சொல்ல வேண்டிய அவசியம் எனக்குத் தெரியவில்லை. இருந்ததை அப்படியே படித்தேன். அறுவை செய்துகொண்டவர்களிடம் பலன் தெளிவாகத் தெரிந்தது என்று எழுதியிருந்தார்கள்.

"இப்ப குறைகள்."

அதையும் படித்தேன். அறுவை செய்ய இயலாதோர் எண்ணிக்கை குறைவு என்பதால் அவர்களைப் பற்றி முடிவு கூற இயலவில்லை, மேலும் ஆய்வுகள் தேவை என்று ஒரு வரி. பரம சாதுவான வரி. எந்த ஆபத்தும் எனக்குத் தெரியவில்லை.

டீசா கோப்பையைக் கீழே வைத்தாள்.

"ஸ்தூரே, ரெண்டு மடங்குன்னா அது எங்க இருக்கும்?"

"அட்டவணையிலதான் இருக்கே."

"சுருக்கத்துல இருக்கும்பா. முதல் வரியா, கொட்டை எழுத்துல போடாத குறையா இருக்கும். கத்தி வைக்க முடியாதவங்களுக்கே ரெண்டு மடங்குன்னா அதவிட பெரிய செய்தி அவங்களுக்கு வேற என்ன இருக்கு? நல்ல செய்திய யாராவது கொண்டுபோய்க் கதவுக்குப் பின்னால வெப்பாங்களா?"

நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன்.

"அந்த வரிய இப்ப சரியா படி."

கையும் களவுமாகப் பிடிபட்டவன் போல உட்கார்ந்திருந்தேன். பிறகு இரண்டு எண்களையும் படித்தேன்.

"நல்லாத்தான் பொய் சொன்ன" என்றாள். "எண்ணுல மாட்டல நீ. இடத்துல மாட்டிக்கிட்ட."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. எழுந்து நின்று கத்தினேன். "அதான் முடிவு சொல்ல முடியலன்னு அவங்களே எழுதியிருக்காங்களே. இல்லன்னு சொல்லலியே. ஒரு மாசம் கூடினாலும் மாசம்தானே டீசா? நீ பாட்டுக்குப் புரட்டிப் பார்த்துட்டு மூடி வெச்சுடுவ. நான் என்ன பண்றது?"

"அந்த மாசத்த எங்க வெச்சுத் தருவாங்க? வார்டுல. எனக்கு வேண்டாம். நான் கிரேஸோவுக்குப் போறேன். நீ வரியா இல்லியா?"

நான் அழுதேன். அவள் என்னை அழவிட்டாள். காப்பி ஆறிப்போயிற்று.

பிறகு, "கடைசியில நன்றி இருக்கும். அதப் படி" என்றாள்.

மூக்கைச் சிந்திவிட்டுப் படித்தேன். ஆய்வில் பங்குகொண்ட நோயாளிகளுக்கும் அவர்களுடைய குடும்பத்தாருக்கும் நன்றி என்று இருந்தது.

"பேர் போட்டிருக்கா?"

"இல்ல."

"அப்ப நமக்கு அங்க என்ன வேலை? கேக்கை எடுத்துட்டுக் கிளம்புவோம்."

மே மாதம் தீவுக்குப் போனோம். போகும்போது அவள் எனக்கு ஒரு கொலைக்கதை வாங்கித் தந்தாள், இருப்பதிலேயே தடிமனாகப் பார்த்து. அதை நான் அவளுக்கு உரக்கப் படிக்க வேண்டும் என்றாள். ஒரு மீனவ ஊரில் தபால்காரர் கொலை. மாலையில் படகுத்துறைப் பக்கம் இரண்டு நாற்காலி போட்டு உட்கார்ந்து படிப்பேன். முதல் அத்தியாயம் முடிந்ததுமே, "கால்நடை மருத்துவர்தான்" என்றாள்.

"அந்த ஆளா? அவன் கன்னுக்குட்டிக்கு ஊசி போட்டதத் தவிர ஒண்ணும் செய்யலியே."

"ரொம்ப நல்லவனா இருக்கான். கடைசிப் பக்கத்தப் பாரேன்."

"மாட்டேன்."

"ஒரே ஒரு வரி."

"இத்தன வருஷம் என் வயித்தெரிச்சலக் கொட்டிக்கிட்டல்ல? இப்ப புத்தகம் என் கையில. எல்லா ஸ்டாப்புலயும் நிறுத்தித்தான் போகும்."

அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அந்தச் சிரிப்புக்காகவே தினமும் மறுத்தேன். நடுக்கோடைத் திருநாளில் புது உருளைக்கிழங்கும் ஊறவைத்த மீனும் ரசித்துச் சாப்பிட்டாள். ஜூலையில் நாற்காலி வரைக்கும் நடக்க முடியவில்லை. கட்டிலை ஜன்னலோரம் இழுத்துப்போட்டு அங்கே படித்தேன். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துப் படித்தேன். பிறகு பாதிப் பக்கம். அவள் களைப்பு மட்டும் அதற்குக் காரணமில்லை. புத்தகத்தில் தாள் மிச்சமிருக்கும்வரை அவளுக்கும் நாள் மிச்சமிருக்கும் என்று எனக்குள் ஒரு கிறுக்கு நம்பிக்கை வந்துவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை.

ஆகஸ்டில் ஒரு மாலை, கண்ணைத் திறக்காமலே, "ஸ்தூரே, யாருன்னு பாரேன்" என்றாள்.

"நாளைக்கு."

"பிடிவாதக்காரா."

"நாளைக்குப் படிச்சிடலாம், டீசா."

என் விரலைப் பிடித்துக்கொண்டாள். கேலி செய்ய ஏதோ தேடியது போல வாய் கொஞ்சம் அசைந்தது. பிறகு தூங்கினாள். விடிந்தபோது அவள் கை என் கைக்குள் இருந்தது, சில்லென்று.

தினமும் அவளைப் பார்க்கத் தாதி வரும் படகுக்கு இன்னும் நேரம் இருந்தது. நான் யாரையும் கூப்பிடவில்லை. முகத்தைத் துடைத்துவிட்டேன். தலையணையைச் சரி செய்தேன். அதற்குமேல் அவளுக்கு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. ஜன்னலோரம் புத்தகம் கிடந்தது. பாதிக்குமேல் படிக்காமல் கிடந்தது.

எடுத்தேன். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு கதையின் நடுவை விட்டுவிட்டுக் கடைசித் தாளைத் திருப்பினேன். நாற்காலியை அவள் தலைமாட்டுக்கு இழுத்துப்போட்டு உரக்கப் படித்தேன், அவளுக்குக் கேட்கும்படி, அவசரமில்லாமல்.

கால்நடை மருத்துவர்தான்.

"நீ சொன்ன ஆளேதான்" என்றேன். ஒரே ஒரு வரி. முந்தின நாள் மாலை அதைப் படித்திருந்தால் எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பாள்.