ஒரே பூப்போட்ட துணி

டெல்லி பிலஞ்சி சந்தில் குடியிருக்கும் ஃபுராஹா அந்தத் துணி மூட்டையை என் இஸ்திரி வண்டியில் வைத்தபோது, அவள் ஊர் போகத் தேதி குறித்தாகிவிட்டது. காங்கோவில் மலையோரம் ஊர். அங்கே இரண்டு கூட்டத்துக்குள் சண்டை. இவள் கூட்டத்துக்குப் பட்டாளம் துணை. இவள் புருஷன்தான் நடையாய் நடந்து எல்லாரையும் பேச உட்காரவைத்து, மூடிக்கிடந்த சந்தையைத் திறக்க நாள் பார்த்திருந்தான். அன்றைக்கு இரு கூட்டத்துப் பெண்களும் ஒரே பூப்போட்ட துணி உடுத்தி வர வேண்டும். அது அவர்கள் வழக்கம். சரோஜினி நகரில் அலைந்து ஒரே ரோலில் வெட்டி வாங்கியிருந்தாள்.

"மடிப்புத் தெரியக் கூடாது தீதி. மபென்சி குத்தம் சொல்லுவா," என்று அரைகுறை ஹிந்தியில் சிரித்தாள். மபென்சி எதிர்க்கூட்டத்துக்காரி. சந்தையில் இவளுக்குப் பக்கத்துக் கடை.

தேய்த்துக் கொடுத்தேன். மூட்டை பிரிக்காமலே திரும்பி வந்தது.

"வீட்டுக்காரர் வராதேன்னுட்டார்," என்றாள். வெளிநாடு ஒன்று அவர்கள் பட்டாளத்துக்கு வண்டியும் துப்பாக்கியும் கொடுத்ததாம். இனிப் பேச்சு எதற்கு என்று தளபதி எழுந்து போய்விட்டானாம். சந்தைத் திடலில் இப்போது அந்த வண்டிகள்தான் நிற்கின்றன.

சட்டைக்காக நின்றிருந்த கல்யாணராமன் சார், லக்ஷ்மிபாய் நகர் ரிட்டயர்டு கிளார்க், அவளிடம் ஹிந்தியிலேயே கேட்டார். "உதவிதானேம்மா பண்றா? பட்டாளம் பலமா இருந்தா சண்டை தன்னால அடங்கிடுமே?"

"பலம் இல்லாதப்பதான் அங்கிள், பட்டாளம் பேச வந்துச்சு."

சார் என் பக்கம் திரும்பிக்கொண்டார். "காலர்ல இன்னொரு தடவை ஓட்டு, முத்துமாரி."

அவர் போனதும் ஃபுராஹா, "மறுபடி தேய்ச்சுக் குடு தீதி," என்றாள். தேய்க்க அதில் ஒன்றுமில்லை. ஆனாலும் பிரித்தேன். சூடு பட்டதும் புதுத்துணி வாசம் எழுந்தது. அவள் பார்வை எங்கோ போயிற்று. போனை எடுத்தாள்.

"மபென்சிக்கா?"

"எடுக்க மாட்டா. தினமும் அடிச்சுப் பாக்கறேன்."

எடுத்துவிட்டாள்.

அவர்கள் பாஷை எனக்குப் புரியாது. அந்தப் பக்கம் குரல் உயர்ந்தது. இவள் ஏதோ கேட்டாள். பதிலைக் கேட்டுக்கொண்டே தன் இடுப்பைக் கையால் சுற்றி அளந்து பார்த்தாள்.

"என்ன சொன்னா?"

"முதல்ல திட்டினா. உங்க பட்டாளம்தானே விரட்டுச்சுன்னா. நான் ரவிக்கை அளவு கேட்டேன்." முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "காட்டுல கிடந்து இளைச்சுட்டேன், பழைய அளவுக்குத் தைக்காதேங்கறா."

துணியில் சாண் வைத்து, எவ்வளவு குறைக்கலாம் என்று என்னைக் கேட்டாள். நான் இஸ்திரிப் பெட்டியை ஓரமாக வைத்தேன்.