ஆணி அடிக்கக் கூடாது

இன்ஸ்பெக்டருக்குச் சுவர் என்றால் உயிர். எடை அளவுத் துறையில் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்ற மனுஷன். ஊரில் உள்ள தராசுகளையெல்லாம் சந்தேகப்பட்டே ஆயுசைக் கழித்தவர். சேர்த்து வைத்ததை எல்லாம் கொட்டி, குடியிருந்த வீட்டின் மேலேயே ஒரு மாடி கட்டினார். வாடகை வந்தால் கடைசிக் காலத்தில் யார் கையையும் எதிர்பார்க்க வேண்டாம் என்று நினைப்பு. மாடிச் சுவருக்கு வழவழவென்று பூச்சு பூசி முடித்ததும், கன்னத்தை வைத்துப் பார்த்தார். அன்றைக்குப் பிடித்தது சனி.

"சுவத்துல ஆணி அடிக்கக் கூடாது." குடிவருகிறவர்களிடம் அவர் பேசும் முதல் வார்த்தை இதுதான். வாங்க, உட்காருங்க எல்லாம் அதற்கப்புறம்.

முதலில் வந்த லாரி டிரைவர், சுவர்க் கடிகாரத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டே வீட்டுக்குள் நடமாடினார். அடுத்து வந்த புதுமணத் தம்பதியில் மனைவி காலண்டரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்க, புருஷன் தேதி பார்த்தான். இன்ஸ்பெக்டருக்கோ பாம்புச் செவி. மாடியில் பூண்டு தட்டினால்கூட, கீழேயிருந்து துடைப்பக் கட்டையால் கூரையை இடிப்பார். குழாய் சொட்டுகிறது, ஜன்னல் சாத்த மாட்டேன் என்கிறது என்று யாராவது வந்து நின்றால் "பாக்கலாம்" என்பார். பார்க்கவே மாட்டார். வந்தவர்கள் எல்லாம் பெட்டி படுக்கையைக் கட்டிவிட்டார்கள். பல நாளாக மாடி காலி.

சும்மா சொல்லக்கூடாது, மனுஷன் நியாயவாதி. கீழே தன் வீட்டிலும் கல்யாணமான புதிதிலிருந்தே அதே சட்டம்தான். கல்யாண போட்டோ கண்ணாடி போட்டு வந்த நாளிலிருந்து, போர்வை சுற்றிக் கட்டிலுக்கடியில் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது. அவர் மனைவி அதைப் பற்றி ஒரு தடவை கேட்டாள். "பாக்கலாம்" என்றார்.

வீட்டுத் தரகருக்குத்தான் பொறுக்கவில்லை. ஒரு காதில் ஒரு போனும் மறு காதில் இன்னொரு போனுமாகத் திரிகிற ஆள், இரண்டையும் அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"சார், காலி வீட்டுக்கு யார் வாடகை குடுக்கறாங்க தெரியுமா? நீங்கதான். நல்ல குடித்தனக்காரங்க நாலு வருஷம் தங்கினா அதுதான் லாபம். சொட்டற குழாயை அன்னைக்கே சரி பண்ணிடணும். நீங்க என்னடான்னா சுவரைக் கட்டிப் பிடிச்சிட்டு உக்காந்திருக்கீங்க."

"எல்லாரும் ஏன் ஓடறாங்கன்னே எனக்குப் புரியலைய்யா."

"அப்போ நீங்களே ஒரு வாரம் மாடியில குடியிருந்து பாருங்க. வீட்டுக்காரரா போகாதீங்க, குடித்தனக்காரரா போங்க. என் தொழில்ல எல்லாருக்கும் நான் சொல்ற யோசனை இது."

எதையும் அரைகுறையாகச் செய்வது இன்ஸ்பெக்டருக்குப் பிடிக்காது. குடித்தனக்காரர் என்றால் குடித்தனக்காரர்தான் என்று ஒற்றைக் காலில் நின்றார்.

"அப்போ வீட்டுக்காரங்க யாரு?" சமையலறையிலிருந்து மனைவியின் குரல் வந்தது.

"நீதான்."

"நிஜமாவா?"

"பின்னே? விளையாட்டா?"

அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, மேசையில் கிடந்த மாடிச் சாவியை எடுத்தாள். அதை அவரிடம் நீட்டினாள். அவர் கை நீட்டியதும் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"சுவத்துல ஆணி அடிக்கக் கூடாது" என்றாள். கொஞ்சம் யோசித்து, "வீட்டுக்காரங்ககிட்ட மரியாதையா பேசணும். கண்ட நேரத்துல கீழ வந்து கதவைத் தட்டக் கூடாது" என்றும் சேர்த்துக்கொண்டாள். தரகர் சாட்சி. இன்ஸ்பெக்டர் பெருமையோடு படியேறினார்.

பெருமை மறுநாள் காலை வரைக்கும் தாங்கியது. சவரம் செய்யக் கண்ணாடி மாட்ட இடமில்லை. தரையில் வைத்துவிட்டு மண்டியிட்டுக் குனிந்தார். மோவாய் தெரிந்தால் கன்னம் தெரியவில்லை. சட்டையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு இடம் தேடி அலைந்து, அலுத்துப் போய் மறுபடி போட்டுக்கொண்டார். துவைத்த துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஜன்னலோரம் நின்று தானே காய வைத்தார். இத்தனைக்கும் நடுவில் குழாய் வேறு சொட்டிக்கொண்டே இருந்தது.

இறங்கிப் போய்க் கதவைத் தட்டினார். கதவு ஒரு சாண் திறந்தது.

"ஏய், குழாய் சொட்டுது."

"யாரு ஏய்?"

இன்ஸ்பெக்டர் எச்சில் விழுங்கினார். கல்யாணமான நாளிலிருந்து அந்த வாயில் வராத மரியாதை, தட்டுத் தடுமாறி வெளியே வந்தது. "ஓனரம்மா... குழாய் சொட்டுதுங்க."

"பாக்கலாம்" என்றாள். கதவு சாத்திக்கொண்டது.

அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. மாடிக்குப் போய்க் குடியிருப்போர் சங்கம் தொடங்கினார். தலைவர் பதவிக்குப் போட்டியில்லாமல் ஜெயித்தார். செயலாளர் பதவிக்குத் தகுதியான ஆள் யாரும் இல்லை என்று தலைவர் கைவிரித்துவிட்டார். சங்கம் கூடி வீட்டுக்காரியைக் கண்டித்தது. கண்டனம் முழங்கும்போதே கீழே டொக் டொக்கென்று சத்தம். பூண்டு தட்டுகிறாளாக்கும். விடுவாரா? துடைப்பத்தைத் திருப்பிப் பிடித்துத் தரையை இடித்தார். சத்தம் நிற்கவில்லை. மறுநாளும் டொக் டொக். ஒருத்திக்கு எவ்வளவு பூண்டு வேண்டியிருக்கிறது என்று அவருக்கு விளங்கவே இல்லை.

சாயங்காலங்களில் கீழேயிருந்து அவள் தனக்குத்தானே பாடிக்கொள்வது கேட்கும். அவள் பாடுவாள் என்பதே அவருக்குத் தெரியாது. டீ வாசனை படியேறி வரும். டீ மட்டும் வராது. இனிமேல் அந்த வீட்டுக்குள் கூப்பிடுவாளா மாட்டாளா என்று முதல் தடவையாக அவருக்குப் பயம் வந்தது.

வாரக் கடைசியில் தரகர் ஒரு நர்ஸையும் அவள் புருஷனையும் கூட்டிக்கொண்டு வந்தார். நர்ஸ் சுவரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "யூனிஃபார்ம் எங்க மாட்டறது?" என்று கேட்டாள்.

சங்கத் தலைவர் பொங்கிவிட்டார். "எங்கயும் மாட்ட முடியாதும்மா! கையில வெச்சிட்டே நிக்கணும். குழாய் ஒழுகும், கேட்டா பாக்கலாம்னு சொல்லுவாங்க. ஓடிடுங்க. இந்த வீட்டுக்காரங்க சரியில்லை!"

தரகர் தலையில் கை வைத்துக்கொண்டார். வந்தவர்கள் செருப்பைத் தேட ஆரம்பித்தார்கள். அப்போது படிக்கட்டின் கீழேயிருந்து ஒரு குரல் வந்தது.

"ஆணி தாராளமா அடிச்சுக்கலாம். குழாய்க்காரர் நாளைக்குக் காலையில வர்றாரு. நான்தான் வீட்டுக்காரி."

அவ்வளவுதான். நின்ற இடத்திலேயே பேசி முடித்தாயிற்று. நாளைக்கே வருகிறார்களாம். ஆக, இருக்கிற குடித்தனக்காரர் இன்றைக்கே காலி செய்தாக வேண்டும்.

இன்ஸ்பெக்டர் கண்ணாடியையும் துண்டையும் தலையணையையும் கட்டிக்கொண்டு படிக்கட்டில் நின்றார். "ஏம்ப்பா," என்று தரகரை மெதுவாகக் கேட்டார், "கீழ இடம் ஏதாவது இருக்குமா?"

"விசாரிச்சுப் பாக்கறேன் சார்." தரகர் சிரிக்கவில்லை. கீழே போய் ஏதோ பேசிவிட்டு வந்தார். "வாங்க, வீட்டைப் பாக்கலாம். நல்ல காத்தோட்டம், நல்ல அக்கம்பக்கம். ஓனரம்மாதான் கொஞ்சம் கண்டிப்பு."

தன் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, தரகர் பின்னாலேயே இன்ஸ்பெக்டர் உள்ளே நுழைந்தார். சுவரெல்லாம் ஆணி. ஓர் ஆணியில் முறம், ஓர் ஆணியில் கண்ணாடி, ஓர் ஆணியில் அவள் குடை. நடுச்சுவரில், போர்வையை உதறிவிட்டுக் கல்யாண போட்டோ. அதில் அவருக்குத் தலை நிறைய முடி இருந்தது. பக்கத்தில் நின்ற பெண் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பை அவர் மறந்தே போயிருந்தார். முப்பது வருஷமாக இந்த வீட்டில் குடித்தனக்காரி யார் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

போட்டோவுக்குப் பக்கத்தில் ஓர் ஆணியைச் சுற்றிப் பூச்சு பெயர்ந்து, உள்ளங்கை அகலத்துக்குச் செங்கல் தெரிந்தது. அவர் கை பழக்கத்தில் அங்கே போனது. பாதி வழியில் நின்றது.

"இது காலியா இருக்கே," என்றார். "இது எதுக்குங்க?"

சமையலறை வாசலில் அவள் சுத்தியலோடு நின்றுகொண்டிருந்தாள்.

"உங்க சட்டைக்கு."